அக்கா உப்புப் பார்க்காத கிறிஸ்துமஸ்

கர்த்தர் எங்கள் அக்காவைத் தம்மிடம் அழைத்துக்கொண்டு இன்றோடு ஓராண்டு ஆகிறது. ஜெபக்கூட்டத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் தம்பியாகிய நான் எழுதுவது.

அக்கா கடலூர் முதுநகரில் பிறந்தார். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை பெர்மனன்ட் ஆனதும் நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தோம். அக்கா பத்தாம் வகுப்பு படிக்கும்போது அம்மா மஞ்சள் காமாலையில் இறந்தார். எனக்கு ஆறு வயது. அப்பாவின் ஷிஃப்டுக்குச் சாப்பாடு கட்டுவதும் எனக்குத் தலை வாருவதும் அன்றிலிருந்து அக்காவின் வேலையாயின. பிறகு பள்ளியொன்றில் தையல் ஆசிரியையாகச் சேர்ந்தார். பெண் கேட்டு இரண்டு குடும்பங்கள் வந்தன. "தம்பி படிச்சு முடிக்கட்டும்" என்றார். நான் படித்து முடித்தபோது யாரும் வரவில்லை. அப்பாவைக் கடைசிவரை படுக்கையில் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். எனக்கும் சுரங்கத்தில் வேலை கிடைத்தபின், அக்கா என் குவார்ட்டர்ஸில் என் மனைவி பிள்ளைகளோடு இருந்தார்.

உடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருவரிடம் ஓவனில் மீன் பேக் செய்யக் கற்றிருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முதல் பஸ்ஸில் கடலூர் துறைமுகம் போய் வஞ்சிரமும் இறாலும் நண்டும் வாங்கி வருவார். நண்டை அவித்துச் சதை பிரித்து, பாலும் மைதாவும் வெண்ணெயும் காய்ச்சிய கலவையில் எல்லாவற்றையும் சேர்ப்பார். ஒரு ஸ்பூன் எடுத்து உப்புப் பார்ப்பார். அதன்பிறகுதான் உருளைக்கிழங்கு மசியலைப் பரப்பி, சீஸ் தூவி உள்ளே வைப்பார். எங்கள் பிளாக்கில் ஆறு வீடுகளுக்குத் தட்டு போகும்.

நான்கு வருடங்களுக்கு முன் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் பழுதாயின. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். உப்பு கூடாது என்றிருந்தார்கள். தண்ணீரையே அளந்து குடித்தார். என் சிறுநீரகத்தைக் கொடுக்கப் போனேன். எனக்குச் சர்க்கரை இருப்பதால் முடியாது என்றார்கள்.

கடைசிக் கிறிஸ்துமஸுக்கு அக்காவால் நிற்க முடியவில்லை. சமையலறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து என் மனைவிக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். கலவை தயாரானதும் கையை நீட்டினார்.

"ஒரு ஸ்பூன் குடு. உப்பு பாக்கறேன்."

மனைவி என்னைப் பார்த்தார்.

"வேணாங்க்கா. நேத்துதான் டாக்டர் அவ்வளவு சொன்னாரு" என்றேன்.

"முழுங்க மாட்டேன்டா. நாக்குல வச்சுத் துப்பிடறேன்."

"வேணாம்னா விடேன்க்கா" என்று கத்திவிட்டேன்.

நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப்பின் எங்களில் யாருக்கும் உப்புப் பார்க்கத் தோன்றவில்லை.

மதியம் சாப்பிட்டபோது அதில் உப்பே இல்லை.

"எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்குக்கா."

"பொய் சொல்லாத. புள்ளைங்க ரெண்டாந்தடவ கேக்கல."

கோபப்படவில்லை. என் மனைவியைக் கூப்பிட்டு, "நீ ஒண்ணும் நெனச்சுக்காத. நான்தான் சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

அந்தக் கிறிஸ்துமஸிலிருந்து பதினாறாம் நாள், டயாலிசிஸுக்குப் போகும் வழியில், வடலூரைத் தாண்டும்போது என் தோளில் சாய்ந்தபடியே அக்காவின் மூச்சு நின்றது.

அடக்கம் முடிந்தபின் மருத்துவரிடம் அந்த ஒரு ஸ்பூனைப் பற்றிக் கேட்டேன். "நாக்குல வச்சுத் துப்பறதால என்னங்க ஆயிடப் போவுது" என்றார்.

கூப்பிட்டபோதெல்லாம் கார் எடுத்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், ஊசி குத்தும்போது பேச்சுக் கொடுத்து அக்காவைச் சிரிக்கவைத்த நர்ஸ் அம்மாவுக்கும், குளிப்பாட்டி உடுத்திய எங்கள் பிளாக் பெண்களுக்கும், கல்லறைவரை தூக்கிவந்த என் ஷிஃப்ட் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டதாக உங்களில் பலர் சொன்னீர்கள். அந்த வார்த்தைக்கு மட்டும் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.