அண்ணாச்சி ஓட்டாத கார்

மூன்று வருடம் இருக்கும். வைகாசி மாதம், எங்கள் கல்லிடைக்குறிச்சியில் நடந்தது. அன்று என் மகளுக்குப் பாளையங்கோட்டையில் நுழைவுத் தேர்வு. வருவதாகச் சொன்ன வாடகைக் கார் வரவில்லை. எதிர் வீட்டு அண்ணாச்சி, குடும்பத்தோடு ஆழ்வார்திருநகரி தேருக்கு வேனில் கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் தன் கார் சாவியை என் கையில் திணித்துவிட்டுப் போனார். சிறுநீரகம் பழுதான மனைவியை வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகவென்றே அவர் வைத்திருந்த கார் அது.

நான் லைசென்ஸ் வாங்கிப் பன்னிரண்டு வருடம். நிதானமாகத்தான் போனேன். சேரன்மகாதேவி தாண்டியதும் ஒரு எருமை குறுக்கே பாய்ந்தது. ஸ்டியரிங்கை ஒடித்ததில் கார் பாலத்துச் சுவரில் மோதி முன்பக்கம் நொறுங்கிவிட்டது. நல்லவேளை, எங்களுக்குக் கீறல்கூட இல்லை. மகளை அவ்வழியே வந்த ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். "வண்டி கெடக்கட்டும்மா, புள்ளைக்கு ஒண்ணும் இல்லல்லா?" என்றார். அழுதுவிட்டேன்.

மறுநாள் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்தார்.

"டீச்சர், நீங்க ஓட்டுனியன்னு மூச்சு விட்ராதிய. காரு அண்ணாச்சி பேருல இருக்கு. அடுத்த ஆளு ஓட்டுனா ஒத்தப் பைசா வராது. அதுலயும் பொம்பள ஓட்டுனதுன்னா ஆயிரம் கேள்வி கேப்பாவ. அண்ணாச்சி ஓட்டுனதாவே எழுதிருதேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிற நான், அண்ணாச்சி கையெழுத்துப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பத்து நாள் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். கதவைத் திறந்தது அண்ணாச்சியின் மனைவி. இந்தக் கூத்து எதுவும் அவருக்குத் தெரியாது. "அன்னைக்கு நாங்க திருநகரி தேருக்குல்லா போயிருந்தோம்" என்று சொல்லி, அண்ணாச்சி வடம் பிடித்து நிற்கும் படத்தைப் பெருமையாகப் போனில் காட்டியிருக்கிறார்.

பொய்த் தகவல் கொடுத்ததாகச் சொல்லி கிளெய்மைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். லைசென்ஸை எடுத்துக்கொண்டு அவர்கள் ஆபீசுக்கு ஓடினேன். அங்கிருந்த அதிகாரி பாலிசியில் ஓரிடத்தைக் காட்டினார். உரிமையாளர் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் இன்சூரன்ஸ் உண்டாம். "உள்ளத எழுதியிருந்தா அப்பவே குடுத்திருப்போமேம்மா" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஏஜென்டைப் பிடித்துக் கிழி கிழியென்று கிழித்தேன். "எல்லாரும் அப்படித்தான டீச்சர் எழுதுதாவ" என்றார், கொஞ்சமும் கூசாமல். காலமெல்லாம் பாலிசி விற்கிற மனுஷன் அதை ஒரு தரம் படித்ததில்லை! சரி, அவரை விடுங்கள். படிக்கச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற நான் படித்தேனா?

ரிப்பேர் செலவு என் தலையில் விழுந்தது, அது போகட்டும். கிளெய்ம் இழுபறியில் வேலையே தொடங்காமல் கிடந்து, வண்டி வர ஒரு மாதமாகிவிட்டது. ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்று கெஞ்சியும் அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. டயாலிசிஸ் முடிந்து துவண்டுபோன அந்த அம்மா, அவர் தோளில் சாய்ந்தபடி நெரிசல் பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதை என் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கார் வந்த அன்று, "இன்னைக்கு நீயே ஓட்டும்மா" என்று அண்ணாச்சி சாவியை நீட்டினார்.

ஓட்டினேன். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது பின் இருக்கையில் அந்த அம்மா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார். 'நான்தான் ஓட்டினேன்' என்று முதல் நாளே வாய் திறந்திருந்தால் அவர் அப்படிப் பஸ்ஸில் திண்டாடியிருக்க மாட்டாரே என்ற ஆத்திரம், ஏஜென்டைவிட என் மேல்தான், இன்றுவரை தீரவில்லை.