மேற்கு பார்த்த சிக்னல்

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு ‘பிரேக் அக்கா’ என்று பெயர். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மற்றவர்கள் ஆபத்து என்றால்தான் அதைத் தொடுவார்கள். அவள் கால் அதன்மேலேயே குடியிருக்கும். பழகுகிறவர்கள் தாங்களே வண்டியை அழகாக நிறுத்திவிட்டதாக நினைத்துப் பூரித்துப்போவதில் பாதி, அவள் நிறுத்தியதாக இருக்கும். ஐம்பதை நெருங்கும் வயது. குரலை உயர்த்திப் பேசமாட்டாள். ஆனால் ஒவ்வொரு தப்புக்கும் சுருக்கென்று ஒரு வார்த்தை வைத்திருப்பாள். அது வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும் என்று அவளிடம் படித்தவர்கள் சொல்வதுண்டு.

அப்படிப்பட்டவளுக்குத்தான், சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனதாக நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது.

சம்மனோடு ஒரு படமும் இருந்தது. நாற்சந்திக் கேமரா எடுத்தது. மாலை வகுப்பு முடிந்து, கடைசியாகப் பழகியவரை வீட்டில் இறக்கிவிட்டு, அவள் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். கார் கோட்டைத் தாண்டியிருக்கிறது. மேலே சிவப்பு. படத்தின் ஓரத்தில், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு பெண். முகம் தெரியவில்லை. சாலையில் இறக்கிய காலை அவசரமாகப் பின்னுக்கு எடுக்கிறாள். கால் பாதி அந்தரத்தில் நிற்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பிரேக் அக்கா அந்தப் படத்தை எடுத்தால் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு பெண் அங்கே நின்றதே அவளுக்குப் படத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

அபராதம் கட்டினால் போயிற்று என்று விடக்கூடிய விஷயம் இல்லை. மற்றவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் சிவப்பைத் தாண்டினால் லைசென்ஸையே ரத்து செய்ய நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. லைசென்ஸ் போனால் பயிற்சியாளர் அனுமதியும் கூடவே போகும். ஸ்கூல் முதலாளி நல்ல மனிதர்தான். விசாரணை முடியும்வரை வாடிக்கையாளர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டார்.

அவள் கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். மனைவிக்கு வந்த கஷ்டத்தில் தன்னால் ஆகக்கூடியது ஒரு மனு எழுதிக்கொடுப்பதுதான் என்று உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு மேஜை முழுக்கத் தாள்கள். ‘இதுகாறும் அப்பழுக்கற்ற சேவையாற்றிவந்த’ என்று தொடங்கி, ‘தாங்கள் கருணைகூர்ந்து’ என்று முடியும் மூன்று பக்கம். அவள் நின்றபடியே படித்தாள்.

“இதைப் படிச்சா நான் செத்துப்போயிட்ட மாதிரி இருக்கு” என்றாள்.

ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லையே என்று அவர் சொல்லிப் பார்த்தார். பிறகு அவரே இரண்டு பக்கத்தை அடித்துவிட்டார்.

வக்கீல் வைக்கலாம் என்றதும் அவளுக்கு நினைவு வந்தது, தன்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு பெண்தான். தேர்வில் மூன்று முறை தோற்று நான்காவது முறை தேறியவள். இப்போது ஒரு செருப்புக்கடைக்கு மேல்மாடியில் சின்ன அலுவலகம் வைத்திருந்தாள். படியேறிப் போனவளை நாற்காலியில் உட்காரவைத்து, தன்னையே நீதிபதியாக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் கேள்வி கேட்டுப் பழக்கினாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், நீதிபதி எழுதும்போது பேசக்கூடாது, அழக்கூடாது. முன்பு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்கியவள் இவள்தானா என்று பிரேக் அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“ஆஸ்பத்திரிக் கதை மட்டும் வேண்டாம்க்கா” என்றாள் வக்கீல். “அந்த கோர்ட்ல தினமும் பாதி ஊரு ஆஸ்பத்திரிக்குத்தான் போயிட்டிருக்கு.”

கதை எதுவும் தன்னிடம் இல்லை என்றாள் அவள். மேற்கு பார்த்த சாலை, சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடித்தது, சிக்னலே தெரியவில்லை, அவ்வளவுதான். வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது நிஜமானால் நல்ல வாதம். அதே நேரத்தில் அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து வரச் சொன்னாள். வெயிலில் விளக்கு தெரியவில்லை என்று காட்டிவிட்டால் தண்டனை குறையும். அதிர்ஷ்டம் இருந்தால் வழக்கே நிற்காமல்கூடப் போகலாம்.

அடுத்த நாள் சாயங்காலம் கணவனும் மனைவியும் அந்த நாற்சந்திக்குப் போய், கோட்டுக்குப் பக்கத்தில் நடைபாதையில் நின்றார்கள். எதிரே வெயில் தகதகவென்று காய்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது. அன்றைக்கு இருந்த மாதிரியேதான் இருந்தது: சாலை முடியும் இடத்தில் வெள்ளையாக ஒரு பரப்பு, அதற்குள் கம்பமும் இல்லை, விளக்கும் இல்லை.

“பாத்தீங்களா? எங்கயாவது சிக்னல் தெரியுதா?”

“தெரியுதே” என்றார் அவர். “சிவப்பு.”

அவர் விளையாடுகிறார் என்று நினைத்தாள். சிறிது நேரம் கழித்து, இப்போது பச்சை என்றார். அவர் சொன்ன அதே நொடியில் பக்கத்தில் நின்ற வண்டிகள் கிளம்பின. மறுபடி சிவப்பு என்றார், வண்டிகள் நின்றன. போனில் எடுத்த படத்தை நிழலில் பிடித்துக் காட்டினார். வெயில் கூசுகிற படம்தான். ஆனாலும் அதில் சிவப்பு, குங்குமப்பொட்டு மாதிரித் துல்லியமாக இருந்தது.

அவர் தன் உள்ளங்கையால் அவளுடைய ஒரு கண்ணை மூடினார், பிறகு மற்றதை. ஒவ்வொரு முறையும் என்ன தெரிகிறது என்று கேட்டார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. காரை எடுக்காமல் வீட்டுக்குப் பேருந்தில் திரும்பினார்கள். கார்ச் சாவியை அன்று இரவே முதலாளியிடம் கொடுத்து, கண்ணில் கோளாறு, கொஞ்ச நாள் மேஜை வேலை கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

கண் மருத்துவர் இரண்டு கண்ணிலும் புரை என்றார். நேற்று இன்று வந்ததில்லை, மெல்ல மெல்லப் படர்ந்தது. எதிரே வரும் வண்டியின் விளக்கு பூ மாதிரி விரிந்து தெரியுமா என்று கேட்டார்.

“எல்லாருக்கும் அப்படித்தானே தெரியும்?” என்று கேட்டாள் அவள்.

மருத்துவர் எழுதிக்கொண்டே இருந்தார். அறுவை சிகிச்சை செய்தால் சரியாகிவிடும் என்று கடைசியில் சொன்னார்.

வக்கீலிடம் போய் இதைச் சொன்னபோது அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வெயில் வாதம் இனி இல்லை. குற்றத்தை ஒத்துக்கொள்வோம், இத்தனை வருஷத்தில் ஒரு புகார்கூட இல்லை என்பதைச் சொல்லி இரக்கம் கேட்போம். ஆனால் கண் விஷயத்தை நாமாக எடுக்க வேண்டாம் என்றாள். யாரும் கேட்கப்போவதில்லை. சொன்னால், கண் தெரியாமல்தான் இத்தனை நாள் கற்றுக்கொடுத்தீர்களா என்று விஷயம் எங்கேயோ போய்விடும். கணவருக்கும் அதுதான் சரியாகப் பட்டது. சிகிச்சையை முடித்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்றார். அவர்கள் சொன்னதில் தப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

ஆனால் மேஜை வேலையில் யோசிக்க நேரம் நிறைய இருந்தது. காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமல் இருப்பதைத் தன் கவனம் என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். கண் பார்க்காததைக் கால் பார்த்துக்கொண்டிருந்ததோ என்று இப்போது தோன்றியது. அதோடு ஒரு பெண்ணின் நினைவும் வந்தது. பேக்கரி நடத்துபவள், நன்றாக ஓட்டிவந்தவள். ஒரு மாலை வகுப்பில் திடீரென்று பிரேக்கைப் போட்டு வண்டியைக் குலுக்கி நிறுத்திவிட்டாள். வெறும் ரோட்டில் பேயைப் பார்த்தாயா என்று பிரேக் அக்கா கேட்டாள். யாரோ குறுக்கே போன மாதிரி இருந்தது என்று அந்தப் பெண் முனகினாள். கற்பனையில் ஓட்டாதே, கண்ணைத் திறந்து ஓட்டு என்று அதற்கும் ஒன்று கிடைத்தது. மறுவாரம் அவள் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பாதியில் நிற்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு என்று பிரேக் அக்கா விட்டுவிட்டாள்.

ஒரு மத்தியானம் அவள் அந்த பேக்கரிக்குப் போனாள். கூட்டம் இல்லை. மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண் எழுந்து நின்றாள், இப்போதும் வகுப்பில் இருப்பவள் போல. வாங்குவதற்கு வந்த மாதிரி பேச்சை வளர்க்க பிரேக் அக்காவுக்குத் தெரியவில்லை. நேராகவே கேட்டுவிட்டாள்.

“அன்னிக்கு நிஜமாவே ரோட்டுல ஆள் இருந்தாங்களா?”

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். “இருந்தாரு அக்கா. கறுப்புச் சட்டை போட்ட பெரியவரு. நீங்க யாரும் இல்லேன்னு சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நமக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். அப்புறம் வண்டியைத் தொடவே பயமாயிடுச்சு.”

உன்மேல் ஒரு கோளாறும் இல்லை, கோளாறு என் கண்ணில்தான் என்று பிரேக் அக்கா அங்கேயே சொன்னாள். அந்தப் பெண் ஒரு பொட்டலம் ரொட்டியைக் கட்டிக் கையில் கொடுத்தாள். இவள் வாங்கிக்கொண்டாள்.

விசாரணை நாளன்று காத்திருக்கும் கூடத்தில் இடமே இல்லை. கணவர் ஒற்றைப் பக்க மனுவை மடிப்புக் கலையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டார்கள். வக்கீல் சொன்னது பொய்யில்லை: ஒருவர் மாமியாரைச் சேர்க்கப் போனார், ஒருவர் தங்கையின் பிரசவத்துக்குப் போனார், மற்றொருவருக்குப் பல்வலி. நீதிபதி எல்லோரையும் ஒரே முகத்தோடு கேட்டார், ஒரே வேகத்தில் எழுதினார்.

அவள் முறை வந்தது. குற்றத்தை ஒத்துக்கொள்வதாகச் சொன்னாள். வக்கீல் எழுந்து, பழக்கிவைத்தபடி, பல வருஷத்துப் பணி, ஒரு புகாரும் இல்லாத பெயர், வேறு பிழைப்பு இல்லாத நிலை எல்லாம் எடுத்துச் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். நீதிபதி தலையசைத்துப் பேனாவை எடுத்தார். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று, வழக்கமாகக் கேட்பது போல, அவளைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் அவளைப் பழக்கியிருந்தார்கள்.

“இருக்குங்க ஐயா” என்றாள். “எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. அன்னிக்கு நான் அவசரத்துல போகல. சிவப்பு எனக்குத் தெரியவே இல்ல. அது எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது.”

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டாள். நீதிபதி பேனாவை வைத்தார்.

“இதை நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“அதுதாங்க ஐயா எனக்குப் பயமா இருந்துச்சு.”

அவளுக்கு என்ன வேண்டும் என்று நீதிபதி கேட்டார். அதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒரேயடியாக ரத்து மட்டும் செய்துவிடாதீர்கள் என்றாள். கண் சரியானதும், புதிதாக ஓட்டப் பழகுகிறவளைப் போலத் தேர்வுக்கு வரச் சொன்னாலும் வருகிறேன் என்றாள். அந்தக் கடைசி வார்த்தையை ஏன் சொன்னோம் என்று பிற்பாடு பலமுறை நொந்துகொண்டாள். ஏனென்றால் நீதிபதி அதை அப்படியே தீர்ப்பில் எழுதிவிட்டார். அபராதத்தில் பாதியைத் தள்ளிவிட்டார். மருத்துவர் சான்று கொடுத்து, மறுதேர்வில் தேறும்வரை லைசென்ஸ் நீதிமன்றத்திலேயே இருக்கும்.

வெளியே வந்த வக்கீல், வேறு நீதிபதியாக இருந்தால் உங்கள் கதி அதோகதிதான் என்று மட்டும் சொன்னாள். கட்டணம் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டாள். தான் செய்த வேலைக்கும் வந்த தீர்ப்புக்கும் சம்பந்தமே இல்லையாம்.

சிகிச்சை ஒவ்வொரு கண்ணாக நடந்தது. முதல் கட்டு அவிழ்த்த அன்று வீட்டில் எல்லாவற்றையும் அளந்து பார்ப்பவள் மாதிரிச் சுற்றிவந்தாள். மஞ்சள் என்று நினைத்திருந்த சுவர் வெள்ளையாக இருந்தது. கணவரை ஜன்னலோரம் நிறுத்திப் பார்த்தாள்.

“இவ்வளவு நரைச்சிருக்கா உங்களுக்கு?”

“உன் ஒருத்தி கண்ணுக்காவது இளமையா இருந்தேன். அதுவும் போச்சு” என்றார் அவர்.

மறுதேர்வு அவ்வளவு சுலபமாக இல்லை. தேர்வு மைதானத்து அதிகாரிக்கு அவளைப் பல வருஷமாகத் தெரியும். அவள் அழைத்துவந்த எத்தனையோ பேரைத் தோற்கடித்து அனுப்பியவர். அன்று வரிசையில், அவள் ஸ்கூலில் படிக்கும் இரண்டு பேருக்கு நடுவில் அவளும் நின்றாள். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று ஒரு காலத்தில் சொல்லக்கூடிய வேலை. கிளட்சை ஒரு கணம் முன்னால் விட்டுவிட்டாள். இன்ஜின் இருமி, வண்டி நின்று, பின்னுக்கு உருண்டது. அதிகாரி அவள் முகத்தைப் பார்க்காமலே தாளில் குறித்தார். அடுத்த வாரம் வாருங்கள் என்றார்.

வரிசையில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அன்று மாலை வக்கீலுக்குப் போன் செய்து, மூன்று முறை தோற்றுவிட்டு நான்காவது முறை எந்த மனத்தோடு வந்தாய் என்று கேட்டாள். வக்கீல் சிரித்துவிட்டு, நீங்கள் அன்று விடுப்பில் இருந்தீர்கள் அக்கா, வேறொருவர் என்னோடு வந்தார் என்றாள். பிரேக் அக்காவும் சிரித்தாள். போனை வைத்த பிறகும் அதை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் தேறினாள். இப்போது மறுபடி பயிற்சிக் காரில்தான் இருக்கிறாள். சுருக்கென்று பேசுவதை முழுக்க விட்டுவிட்டாள் என்று சொல்ல முடியாது. நாக்குக்கும் ஒரு பழக்கம் உண்டல்லவா. ஆனால் யாராவது காரணமில்லாமல் வண்டியை நிறுத்தினால், திட்டுவதற்கு முன்னால், என்ன பார்த்தாய் என்று கேட்கிறாள். கேட்டுவிட்டுத் தானும் ஒருமுறை ரோட்டைப் பார்க்கிறாள். பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருப்பதில்லை. சில சமயம் ஒரு நாய் படுத்திருக்கும்.

பேக்கரிப் பெண்ணை மறுபடி வரச்சொல்லிக் கேட்டிருக்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள் அவள். இன்னும் சொல்லவில்லை.