மாமா சலித்த கல்

என் மேசையில் ஒரு சின்ன மருந்துப் போத்தல் இருக்கிறது. அடியில் ஒரு சிட்டிகை கறுப்புத் தூள், அவ்வளவுதான். காந்தத்தை அருகே கொண்டுபோனால் அத்தனையும் எழுந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. எனக்கு அதைப் பார்த்தால் மாமனாரின் நினைவுதான் வரும்.

மாமா ரயில்பாதையில் கல் அள்ளிப் போட்டு, தட்டி இறுக்கி, முப்பது வருடம் உழைத்தவர். நான் கதிரையில் உட்கார்ந்து கோப்பு புரட்டுகிறவன். அவருடைய மகளைக் கட்டிக்கொண்டேனே தவிர, அவர் செய்த வேலையை அலுவலக நண்பர்களிடம் சொன்னதில்லை. 'ரயில்வேயில் இருந்தவர்' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஆனால் முன்னறையில் பேராதனைச் சந்தி ரயில் நிலையத்தை, ஓடுகிற பொம்மை ரயிலோடு, சின்னதாகக் கட்டத் தொடங்கி, தண்டவாளத்துக்கு நடுவே கொட்டக் கல் தேடியபோது அவரிடம்தான் போனேன். அதற்குள் ஆற்று மணலையும் செங்கல் பொடியையும் போட்டுப் பார்த்திருந்தேன். மணல் மினுங்கியது. செங்கல் பொடி சிவப்புப் புட்டுமா மாதிரிக் கிடந்தது.

மாமா வத்தேகமவிலிருந்து ஒரு பை கருங்கல் தூளோடு வந்தார். தன் மகளின் தேத்தண்ணீர் வடியில் சலித்து, கழுவி, பேப்பரில் காயவைத்து, மூன்று நிறமாகப் பிரித்தார். "கோச்சி நிக்கிற எடத்துல எண்ணெ ஒழுகிக் கல்லு கருத்துப்போகும் மாப்பிள்ள. ஓடுற எடத்துலதான் வெளுப்பா இருக்கும்" என்றார். மூன்று நாள் குனிந்தபடியே கரண்டி நுனியால் கொட்டி, பசைத் தண்ணீர் சொட்டு சொட்டாக விட்டார்.

நத்தார் பண்டிகைக்கு அலுவலக நண்பர்கள் வந்தார்கள். மாமாவும் இருந்தார். எஞ்சின் இரண்டு சுற்று ஓடியது, முனகியது, நடுவழியில் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் மோட்டாரின் காந்தம் முழுக்கக் கறுப்புத் துகள். மாமாவின் கல்லில் இரும்பு கலந்திருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "லைன்ல கல்லு சொமந்த ஆளுகிட்டப் போயிக் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. இத்தனை வருடம் மறைத்ததை நானே வசவாக எடுத்து வீசினேன். யாரோ சிரித்தார்கள். மாமா கேக் தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு, "போயிட்டு வாறேங்க" என்று பொதுவாகச் சொல்லி வெளியேறினார்.

மறுநாள் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றிப் பாதைமேல் இழுத்தேன். பத்து நிமிட வேலை. பசையில் ஒட்டாமல் கிடந்து காந்தத்தோடு மேலே வந்தது, போத்தலில் இருக்கும் இந்த ஒரு சிட்டிகைதான். மோட்டாரைத் துடைத்ததும் எஞ்சின் ஓடியது. மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கும். அதன்பிறகு அவர் பின்பக்கமாகவே வந்து, குசினியில் மகளோடு தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். முன்னறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாலு வருடம் அப்படி. எனக்கு அது வசதியாகவும் இருந்தது, அதுதான் கேவலம். பிறகு மாரடைப்பில் போய்விட்டார்.

போன கிழமை வந்த ஒருவர், நிலைய மேடையோரம் கல் கருத்திருப்பதைப் பார்த்து, "அசல் மாதிரியே இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். "எங்க மாமா சலிச்சுப் போட்டது. லைன்ல கல்லு போட்டவரு" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. தேத்தண்ணீர் கொண்டுவந்த மனைவி அப்படியே நின்றாள். வந்தவர் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"இத அப்பா உசுரோட இருக்கையில, அந்த ஆளுங்க முன்னுக்குச் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

பிறகு அந்த மருந்துப் போத்தலைத் தூக்கி, அடியில் மேசையைத் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.