மில்லில் ஒட்டியிருந்த வெள்ளை

நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். பழைய எரிமலைப் பாறை எங்கே பிறந்தது என்பதை, அதில் இம்மியளவு இருக்கும் தனிமங்களே காட்டிக்கொடுத்துவிடும். என் ஆய்வுக்கு எடுத்த பாறை, கடல்தட்டு பூமிக்குள் அமிழும் இடத்தில் பிறந்தது என்று கைடிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். அப்படியானால் சிர்கோனியம் குறைவாக இருக்க வேண்டும். சோதனையிலோ அது எகிறியிருந்தது.

"உன் கணிப்பு தப்பும்மா, தலைப்பை மாத்து" என்றார் கைடு.

சோதனைக்குப் பாறையை மாவாக்கி அனுப்ப வேண்டும்; அவசரத்துக்கு அதை என் சொந்த ஊரான விருத்தாசலத்தில், எங்கள் தெருப் பீங்கான் பட்டறையில் அரைத்திருந்தேன். அங்கே வேலை செய்யும் என் பள்ளித் தோழி செல்வியிடம் போய்ப் புலம்பினேன்.

"எந்த மில்லுல அரைச்ச?"

"மூலையில இருக்குதே, அதுலதான். நல்லா கழுவிட்டுத்தான் போட்டேன்."

"அடிப்பாவி! பொம்மைக்குப் பூசுற வெள்ளைய அரைக்கிற மில்லுடி அது. சிர்கான் மாவு போடுறோம். எத்தன தடவ கழுவுனாலும் போவாது."

சிர்கானில் இருப்பதே சிர்கோனியம்தான்! மிச்சமிருந்த துண்டுகளைக் கல்லூரியில், எதுவும் ஒட்டாத கெட்டிக் கல்லான அகேட்டில் செய்த சுத்தமான உரலில் கையாலேயே அரைத்து மறுபடி அனுப்பினேன். சிர்கோனியம் இறங்கியிருந்தது; பிறப்பிடம் காட்டும் வரைபடத்தில் என் பாறையின் புள்ளி, நான் சொன்ன கட்டத்துக்குள் போய் ஜம்மென்று உட்கார்ந்தது. கைடு எழுந்து நின்று கைகொடுத்தார்.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் செல்வியுடையது. கைடு இரண்டாவதுதான். பாறை பிறந்த இடத்தைக் கண்டுபிடித்த எனக்கு, நான் பிறந்த தெருவில் என்ன அரைக்கிறார்கள் என்பதைச் சொல்லிக்கொடுத்தவள் அவள்.