கூடுதலாகச் சொன்ன ஒரு வாக்கியம்

வீட்டில் அவளுக்கு அகராதி என்று பெயர். இரண்டு மொழியில் பட்டம் வாங்கிய மருமகள் என்று மாமனார் பெருமையாக வைத்தது. புருஷன் மட்டும் அதை வேறு அர்த்தத்தில் சொல்லுவான்.

பதினோரு வருடம் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பிறப்புச் சான்றிதழ்களையும் மதிப்பெண் பட்டியல்களையும் மொழிபெயர்த்தாள். ஆட்களுக்கு நடுவே உட்கார்ந்து, அவர்கள் பேசப் பேச மாற்றிச் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. வெளிமாநிலத்தில் அவர்கள் குடியிருந்த ஊரின் பெரிய மருத்துவமனைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் தேவை என்று விளம்பரம் வந்ததும் முதல் ஆளாக விண்ணப்பம் போட்டாள். கொழுந்தன் மனைவியும் போட்டாள். சின்னவள் பள்ளிக்கூடத்தோடு நின்றவள். துணிக்கடையில் வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டியே அந்த ஊர் மொழியைக் கற்றவள்.

"சும்மா எழுதிப் பாக்கறேன்கா" என்றாள். அகராதி சிரித்துக்கொண்டே தன் பழைய புத்தகம் ஒன்றைக்கூடக் கொடுத்தாள்.

தேர்வு முடிவு வந்தது. நோயாளிகளோடு பேசும் வேலை சின்னவளுக்கு. அகராதிக்குப் படிவங்கள்.

அவளுடைய மேசைக்கும் டாக்டர் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் சின்னவள் பேசுவதும் நோயாளிகள் சிரிப்பதும் நன்றாகக் கேட்கும். ஒவ்வொரு சிரிப்புக்கும் அகராதிக்கு வயிறு எரியும். சின்னவள் விடும் பிழைகளை ஒரு நோட்டில் குறித்துவைத்தாள். பாதிக்கு மேல் பிழையே இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

ஒருநாள் மூட்டு அறுவைச் சிகிச்சைக்கு வந்த அம்மாவிடம் ஒப்புதல் படிவத்தைப் படித்துக்காட்ட அகராதியையும் உள்ளே கூப்பிட்டார்கள். பிறகு எப்படி நடப்பார் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். சின்னவள் அதை அப்படியே சொன்னாள். அந்த அம்மாவின் முகம் வாடியதும், "கவலப்படாதீங்க, நல்லா நடந்துடுவீங்க" என்று தானாக ஒன்றைச் சேர்த்தாள்.

டாக்டர் சொல்லாததைச் சொல்லக் கூடாது. அதுதான் அந்தத் தொழிலின் முதல் விதி. அகராதிக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. அன்று மாலையே பிரிவுத் தலைவிக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். நோயாளியின் நன்மைக்காக என்று அதில் இரண்டு இடத்தில் எழுதியிருந்தாள்.

சின்னவளை மூன்று வாரம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நாற்காலி அகராதிக்கு வந்தது.

முதல் ஆள் நெஞ்சு வலியோடு வந்த லாரி டிரைவர். டாக்டர் சொன்னதை ஒரு சொல் சிந்தாமல் மாற்றினாள். "தங்கள் இரத்தக் குழாயில் அடைப்பு உள்ளதா என்பதைப் பரிசோதனைக்குப் பின்னரே உறுதிப்படுத்த இயலும்."

டிரைவர் அவளையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா சொல்றாரு?"

அதையே இன்னும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"இங்க இன்னொரு பொண்ணு இருக்குமே, அது வரலையா?"

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரத்தக் குழா அடைச்சிருக்கான்னு டெஸ்ட் பண்ணாத்தான் தெரியுமாம்" என்றாள் அகராதி. அவ்வளவுதானே என்று டிரைவர் தலையாட்டினார். பட்டம் வாங்கிய வாய்க்கு அந்த ஒரு வரியைச் சொல்ல அத்தனை பாடு.

மூன்று வாரம் கழித்துச் சின்னவள் வந்தாள், முன்பைவிடத் தேறி. இப்போது விதிகளும் அத்துப்படி. மத்தியானம் சாப்பாட்டு அறையில் அகராதி தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "எழுதிக் குடுத்தது நான்தான்."

"தெரியும்கா. அன்னைக்கு அந்த ரூம்ல நம்ம பாஷை தெரிஞ்சவங்க மூணே பேரு. அந்தம்மா எழுதியிருக்க மாட்டாங்க."

"கோவம் இல்லியா?"

"இருந்துச்சு. ரெண்டு நாள் உங்க வீட்டுப் பக்கமே வரல, நீங்க கவனிக்கல. ஆனா நான் சொன்னது தப்புதானே. அந்தம்மா இன்னும் கோல் ஊணித்தான் நடக்கறாங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். மன்னிப்பதிலும் அவளே முந்திக்கொண்டாள் என்பதைத்தான் அகராதியால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த தேர்வில் அகராதியும் தேறினாள். இன்று இருவருக்கும் தனித்தனி அறை. அவளிடம் வருகிறவர்களுக்கும் இப்போது சொன்னது புரிகிறது, சிலர் நன்றிகூடச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆனாலும் பக்கத்து அறையில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் அவள் பேச்சு ஒரு கணம் நின்றுவிடும். டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, விட்ட இடத்தில் தொடர்வாள்.