இணைச்சீர் இழுக்குதுங்க

கல்யாண வீடியோ எடிட்டிங் தொழிலில் தனியாக நிற்க ஆசைப்படும் பெண்கள் சிலர் இன்னும் எனக்குப் போன் செய்து யோசனை கேட்கிறார்கள். எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம், மாதச் சந்தா கட்டுவதா, ஒரேயடியாக வாங்கிவிடுவதா, எத்தனை திருத்தம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு செய்யலாம் என்றெல்லாம். நானும் பெரிய மனுஷி மாதிரி சொல்கிறேன். ஒரே ஸ்டூடியோவை நம்பாதே. முடித்த படத்தைக் கொடு, ப்ராஜெக்ட் ஃபைலைக் கொடுக்காதே. கல்யாண வீட்டார் வாயைத் திறந்து சரி என்று சொல்லிவிட்டால் ஷூட் செய்ததை அழித்துவிடு, டிஸ்க் என்ன அட்சய பாத்திரமா? இவ்வளவும் சொல்லிவிட்டு போனை வைக்கிறேன். வைத்த கையோடு பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குகிறேன். வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறேன்.

கணபதி ஏரியாவில் ஒரு மாடிப் போர்ஷன். பின்னால் லேத் பட்டறை. அவர்கள் சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்தும்போதுதான் நான் நாதஸ்வரத்தின் சத்தத்தைச் சரிபார்க்க முடியும். கணவரை விட்டு வந்தபோது தாராபுரத்தில் இருக்கும் என் தம்பி, "நம்மூட்டுக்கே வந்துரு அக்கா" என்றான். வரமாட்டேன் என்றேன். தம்பி நல்லவன்தான். ஆனால் இன்னொருவர் வீட்டில் ஓரமாக இருக்கும் பிழைப்பை ஒரு தடவை பார்த்தாயிற்று. எனக்கென்று ஒரு பூட்டும் சாவியும் வேண்டியிருந்தது.

அந்தச் சாவியைக் காப்பாற்றிக் கொடுத்தது பொள்ளாச்சியில் இருக்கும் ஒரு கல்யாண ஸ்டூடியோ. அதன் முதலாளி படம் பிடித்து டிஸ்கை மஞ்சள் பையில் போட்டு பஸ்ஸில் கொடுத்துவிடுவார். நான் உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வந்து வெட்டி ஒட்டி அனுப்புவேன். முகூர்த்த மாதங்களில் வேறு யார் வேலை கொடுத்தாலும் எடுக்க நேரமிருக்காது. வேறு யாரையும் தேடவும் இல்லை. அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. குறை சொல்வதாக இருந்தாலும், "ஏனுங்க அம்மணி, சாப்ட்டீங்களா?" என்று தொடங்கி, மழை பெய்ததா என்று கேட்டு, அப்புறம்தான் விஷயத்துக்கு வருவார்.

அப்படித்தான் ஒரு நாள் இணைச்சீர் விஷயத்துக்கு வந்தார். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளையின் அக்காவையோ தங்கையையோ கல்யாணப் பெண் போலவே அலங்கரித்து அவன் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். கூறைப்புடவையின் ஒரு முனை அவன் கக்கத்தில், மறுமுனை அவள் கையில். பெண்டாட்டி வந்தாலும் உடன்பிறந்தவளுக்கு அந்த வீட்டில் உள்ள பாத்தியதை போகாது என்று ஊரைக் கூட்டிச் சொல்கிற சீர் அது. சீர் செய்து வைக்கும் அருமைக்காரர் அவசரப்படமாட்டார். அது பாட்டுக்கு நடக்கும்.

"இணைச்சீர் இழுக்குதுங்க அம்மணி. பொண்ணு வாரதுக்குள்ள படம் பாக்கற சனம் எந்திரிச்சுப் போயிருது. கொஞ்சம் சுருக்கிப்போடுங்க."

சுருக்கினேன். சும்மா சொல்லக்கூடாது, அழகாகவே சுருக்கினேன். தட்டில் புடவை, இரண்டு கைகள், அருமைக்காரர் தூவும் அரிசி, உடனே மணப்பெண் படியேறி வருகிறாள். சகோதரியின் முகம் தேவையில்லை என்று கண்டுபிடித்தது நான். அவள் எப்படியும் அழுவாள். அழுகிற முகத்தைக் காட்டினால் படம் அங்கே நின்றுவிடுகிறது. "உங்க கை யாருக்கும் வராதுங்க" என்றார் முதலாளி. எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது. அதன்பின் எத்தனையோ அக்காக்களும் தங்கைகளும் என் மேஜையில் வெறும் கைகளாகிப் போனார்கள்.

போன வருஷம் அவர் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். ஷூட் செய்த எல்லாவற்றையும் அதுவே பார்த்து, யார் மாப்பிள்ளை யார் பெண் என்று பிரித்து, முன்பு வெட்டிய படங்களைக் காட்டினால் அதே மாதிரி வெட்டித் தருமாம். காட்டுவதற்கு என் ப்ராஜெக்ட் ஃபைல்கள் வேண்டும். எந்த இடத்தில் எதை வெட்டினேன், ஏன் அந்த நொடியில் வெட்டினேன் என்று என் மூளை முழுக்க அதில்தான் இருக்கிறது. போனில் கேட்டார். "பாக்கறனுங்க" என்றேன். எங்கள் ஊரில் பாக்கறனுங்க என்றால் முடியாது என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் அடுத்த வாரம் நேரிலேயே வந்தார். காரின் டிக்கியில் ஒரு மூட்டை தேங்காய், கையில் காலி டிஸ்க்.

அவரே மூட்டையைத் தோளில் சுமந்து மாடி ஏறினார். காப்பி கொடுத்தேன். என் உடம்பை விசாரித்தார், தம்பிக்குப் பெண் அமைந்ததா என்று விசாரித்தார். டிஸ்கை மேஜை மேல் வைத்தாரே தவிர அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூட்டை தூக்கி வந்த மனிதரை வெறும் கையோடு எப்படி அனுப்புவது? முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்து யாரும் என்னை வளர்க்கவில்லை. டிஸ்கைச் செருகினேன். காப்பி ஆறுவதற்குள் ஃபைல் எல்லாம் அதில் ஏறிவிட்டது.

அதன்பின் மஞ்சள் பை வருவது குறைந்தது, அப்புறம் நின்றது. நான் போன் செய்தால் எடுப்பார், எடுக்காமல் இருந்ததே இல்லை. "சாப்ட்டீங்களா அம்மணி? வேல வந்ததும் சொல்றனுங்க." திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். சண்டை போட ஒரு நுனி கூடக் கொடுக்காத மரியாதை அது. மற்ற ஸ்டூடியோக்களுக்குப் போய்ப் பார்த்தேன். அவர்களும் உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள், சொல்றோமுங்க என்றார்கள்.

இதற்கு நடுவில் தம்பிக்குப் பெண் அமைந்தது. அந்த முதலாளியே படம் பிடிக்க வந்தார். தம்பி என்னிடம் கேட்காமல் பேசி முடித்திருந்தான், அக்காவுக்குப் பழக்கமானவர் ஆயிற்றே என்று. மாப்பிள்ளைக்கு அக்கா நான் ஒருத்திதான். கணவனை விட்டு வந்தவள் சீருக்கு உட்காரலாமா என்று உறவில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. தம்பி எல்லார் முன்னாலும் சொன்னான்: "என்ற அக்கா உக்காந்தா சீரு. இல்லீன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாமுங்க."

உட்கார்ந்தேன். புடவை முனையைப் பிடித்தேன். கணபதி வீட்டுக்கு வாடகை கொடுக்க வழியில்லாமல் போய்க்கொண்டிருந்த நாட்கள் அவை. எங்கே போவேன் என்ற பயம் தூக்கத்திலும் விடாது. அந்த ஒரு சீர் நேரம் மட்டும் பயம் இல்லை. தம்பி முன்னால் பார்த்தபடியே, உதடு அசையாமல், "அழுவாத அக்கா, நானிருக்கறன்" என்றான். அப்புறம் அழுகையை எங்கே நிறுத்துவது. நேர் எதிரே கேமரா இருந்தது. எடுத்துக்கொள்ளட்டும் என்று நன்றாகவே அழுதேன்.

படம் வந்ததும் தம்பி கூப்பிட்டான். புதுப்பெண்ணின் வீட்டார் உள்பட எல்லாரும் டிவி முன்னால். முதல் ஐந்தாறு ஷாட்டிலேயே என் கையைக் கண்டுகொண்டேன். பூமாலையிலிருந்து விளக்குக்குப் போவது, தவில் அடியில் வெட்டுவது, எல்லாம் நான். நான் தொடாத படத்தில் அச்சாக நான். இணைச்சீர் வந்தது. தட்டில் புடவை, இரண்டு கைகள், தூவும் அரிசி, மணப்பெண் படியேறி வருகிறாள்.

"நல்லா எடுத்துருக்காங்க, எங்கயுமே இழுக்கல" என்றார் பெண்ணின் அம்மா. தம்பி மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, உன்ற மூஞ்சியே வரலியே?"

முதலாளிக்குப் போன் செய்தேன். சாப்பிட்டேனா என்று கேட்டார். வெட்டாத முழு வீடியோ வேண்டும் என்றேன். "அடடா, அழிச்சுபோட்டமுங்க அம்மணி. தம்பிக்குப் படத்த அனுப்பிக் கேட்டமுங்க, நல்லாருக்குதுன்னு சொன்னாப்டி. நீங்க சொல்லிக் குடுத்த மொறதானுங்க?" தம்பி படத்தைப் பார்க்காமலே அப்படிச் சொல்லியிருக்கிறான். ஒருவர் அனுப்பியதை நல்லாயில்லை என்று சொல்லவா முடியும், எங்கள் ஊரில்? அவர் குரலில் கள்ளம் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். என்னால் அவரைத் திட்ட முடியவில்லை, வேறு யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி டெம்போ கொண்டுவருகிறான். சாவியை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும். அவன் மனைவி நல்ல பெண், எனக்கு ஜன்னல் பக்க அறையை ஒழித்து வைத்திருக்கிறாளாம். கல்யாணத்துக்கு வரமுடியாமல் போனவர்கள் விசாரிக்க வந்தால் இன்னும் அந்தப் படத்தைத்தான் போட்டுக் காட்டுகிறார்களாம். இனி நானும் வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன். மாப்பிள்ளைக்கு அக்கா இருக்கிறாளா என்று யாராவது கேட்டால் திரையில் தெரிகிற கையைக் காட்டி, இது நான்தானுங்க என்று சொல்ல வேண்டியிருக்கும்.