அக்கா மகளுக்கு வந்த சம்பந்தம்

சிதம்பரத்தில் வசிக்கும் நான் என் தாய்மாமனையே கட்டிக்கொண்டவள். என் அக்காவைக் கடலூரில் அசலில் கொடுத்தார்கள். அதில் அவளுக்கு என்மேல் பொறாமை.

2004-இல் என் ஆறு வயது மகன் நடக்கும்போது தள்ளாட ஆரம்பித்தான். செருப்பை மாற்றினேன், திருஷ்டி சுற்றினேன். கடைசியில் ஒரு நரம்பு டாக்டர், "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டார். பரம்பரை நோயாம். நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும், குணப்படுத்த மருந்தில்லை என்றார்.

அப்போது அக்கா மகள் எங்கள் ஊரில் விடுதியில் தங்கிப் படித்தாள். எங்கள் தெரு வழியாகத்தான் சைக்கிளில் காலேஜ் போவாள். பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

படிப்பு முடிந்ததும் அவளை எங்கள் தம்பிக்கே கொடுப்பதாக அக்கா சொல்ல வந்தாள்.

"வேணாங்க்கா. இந்த நோவு நம்ம ரத்தத்துல இருக்குது. டாக்டர கேட்டுட்டுப் பேசு" என்றேன்.

"எம் பொண்ணு நல்லாருந்தா ஒனக்குப் பொறுக்காதே."

"பொறுக்கலதான். அதுக்காக ஒம் பேரனும் இதுல ஒக்காரணுமா?" என்று மகனின் சக்கர நாற்காலியைக் காட்டினேன்.

அக்கா எழுந்து போனாள். பிறகு மகளை அசலில்தான் கொடுத்தாள். இப்போது அவள் பேரன் ஓடி விளையாடுகிறான். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஆனாலும் எங்கள் உறவில் யார் சொந்தத்துக்குள் பெண் பேசினாலும், அழைக்காவிட்டாலும் போகிறேன். மகனின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், தாம்பூலத் தட்டுக்கு நேரெதிரே நிறுத்துகிறேன்.